எல்லா மெயிலுக்கும் அப்பாவின் பதில்

உலகத்தில் இருக்கிற மோசடிக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் அப்பா பதில் எழுதினார். லாட்டரி விழுந்திருக்கிறது என்று எழுதியவனுக்கும், வழுக்கையில் முடி முளைக்க மருந்து விற்றவனுக்கும், ஏதோ ஒரு நாட்டுத் தளபதியின் விதவை என்று சொல்லிக்கொண்டு சொத்தில் பங்கு தருவதாக எழுதியவளுக்கும் ஒரே பதில்தான். ‘உன் மெயில் கிடைத்தது. நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? உடனே பதில் போடு. அப்பா.’ ஒவ்வொன்றையும் உட்கார்ந்து எழுதினார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை எழுதி வைத்ததை, உள்ளே வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் மெயில் பெட்டியே தானாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. லீவில் போகிறவர்கள் வைத்துவிட்டுப் போவார்களே, அந்த வசதிதான். அப்பா லீவில் எங்கேயும் போகவில்லை. செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில்தான் இருந்தார்.

வேறு யாருடைய அப்பாவாவது இப்படிச் செய்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ஆனால் அந்த மெயில் பெட்டி இருந்தது என் சர்வரில். என் பிழைப்பே அதுதான். சின்ன வியாபாரிகளுக்கு அவரவர் கடைப் பெயரிலேயே மெயில் முகவரி போட்டுக்கொடுத்து, அந்த மெயில்கள் போய்வர ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதைக் கட்டி மேய்க்கிறேன். தாராவியில் தோல் பை தைக்கிறவர்கள், மாட்டுங்காவில் பூஜை சாமான் கடை, பாண்டுப்பில் ஒரு டியூஷன் வகுப்பு, இப்படி. வீட்டிலிருந்தே வேலை. என்னுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு நான் என்ன செய்கிறேன் என்றே தெரியாது. மெயில் போகாதபோதுதான் நான் ஒருத்தி இருப்பது ஞாபகம் வரும்.

அப்பா டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் இன்வார்டு கிளார்க்காக இருந்தவர். வெளியிலிருந்து வருகிற தபால் எல்லாம் முதலில் அவர் மேஜைக்குத்தான் வரும். முத்திரை குத்தி, நம்பர் போட்டு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்பிவிட்டு, எழுதியவருக்கு ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று அன்றைக்கே ஒரு கார்டு போட்டுவிட வேண்டும். கடிதத்தில் இருப்பது புகாரா, வேலை கேட்டு விண்ணப்பமா, யாராவது கிறுக்கன் எழுதியதா என்பதெல்லாம் இன்வார்டு கிளார்க்கின் கவலை இல்லை. ரிட்டயர் ஆகி எத்தனையோ காலமான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டி நோட்டீஸுக்குக்கூட ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வருவார். செயலாளர் மராட்டிக்காரர். இந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் வேடிக்கை. அந்த மெயில் பெட்டி வேடிக்கை இல்லை. அது அண்ணாவுக்காக வைத்தது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அண்ணா வெளிநாட்டில் ஒரு கம்பெனியின் கட்டுமான வேலையில் இருந்தான். ஊருக்கு வெளியே எங்கேயோ பாலைவனத்தில். போன் போட்டால் கிடைக்காது. நானும் போட்டேன், அப்பாவும் போட்டார். கடைசியில் அப்பா அவனுடைய ஆபீஸ் முகவரிக்கு மெயில் எழுதினார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, கிளம்பி வா என்று. மெயில் போட்டாச்சு என்று சொன்னார். நான் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டேன். அண்ணாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. லீவு கிடைக்கவில்லையோ, டிக்கெட் கிடைக்கவில்லையோ என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். அம்மா போய்விட்டாள். கொள்ளி போட அவன் இல்லை. அப்பாதான் போட்டார். மழை கொட்டுகிற நாள் அது. இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, வருகிறவனாக இருந்தால் பதில் போட்டிருப்பான் என்று அப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அண்ணா பதில் போடாததற்குக் காரணம், அவன் அதைப் பார்க்கவே இல்லை. அவன் ஆபீஸின் மெயில் வடிகட்டி அப்பாவின் கடிதத்தை ஸ்பாம் என்று முடிவு கட்டிக் குப்பையில் தள்ளிவிட்டது. தகனம் முடிந்த பிறகு யாரோ சொல்லித்தான் விஷயம் தெரிந்து ஓடிவந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டு போனைத் திறந்து, குப்பையில் கிடந்த அந்த மெயிலை எடுத்துக் காட்டினான்.

“ஒரு மெயிலைப் போட்டுட்டு, கடமை முடிஞ்சுடுத்துன்னு உக்காந்துட்டேளா? ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லத் தெரியாதா?”

“அப்பா எழுதினது குப்பைக்கு எப்படிடா போகும்? நீ பார்க்கலைன்னு சொல்லு.”

இரண்டு பேரும் அழுதிருக்க வேண்டிய நேரத்தில் யார் தப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது. பதின்மூன்றாம் நாள் வரைக்கும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, முகம் பார்க்காமல் இருந்தார்கள். காரியம் முடிந்ததும் அண்ணா போனான். அப்புறம் அவன் போன் நம்பர் வேலை செய்யவில்லை. கொஞ்ச நாள் கழித்து அப்பா அவனுக்கு ஒரு மெயில் எழுதினார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “போகலை” என்றார். அந்த முகவரி செத்துப்போய்விட்டது, வேறு கம்பெனிக்கு மாறியிருப்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா என்னிடம் கேட்டார். எனக்கு உன் மிஷின்ல ஒரு பெட்டி வச்சுக்கொடு, அதில் குப்பைக்கூடை என்று ஒன்று இருக்கக் கூடாது, எனக்கு வருகிறது எல்லாம் என்னிடம் வர வேண்டும் என்று. வடிகட்டி இல்லாமல் பெட்டி வைப்பது கதவில்லாமல் வீடு வைப்பது மாதிரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்துக்கொடுத்தேன். அந்த முகவரியை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். யார் மூலமாவது அண்ணாவுக்குப் போய்ச் சேரும் என்று. தானாகப் பதில் போடுகிற வசதியை அவரே எங்கேயோ தட்டிக் கண்டுபிடித்தார். அண்ணா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் ஹிந்தியும் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அதனால்தான் அந்தப் பதில் அவ்வளவு சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தது.

வந்த குப்பை கொஞ்சநஞ்சமில்லை. இதில் இன்னொரு கூத்து, குப்பை அனுப்புகிறவன் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்புவதில்லை. எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவருடைய முகவரியைத் திருடிப் போட்டு அனுப்புவான். அப்பாவின் பதில் அந்த அப்பாவிக்குப் போகும். புரியாத எழுத்தில் திரும்பத் திரும்ப ஒரே மெயில் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? புகார் கொடுப்பார்கள். புகார் சேரச் சேர, ஸ்பாம் அனுப்புகிற சர்வர் என்று என்னுடையதைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உலகத்தில் பாதி மெயில் கம்பெனிகள் யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்கின்றன. ஒரு கட்டடத்துக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி என்றால் எல்லா வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தானே வரும். என் சர்வரிலிருந்து கிளம்பிய எல்லாருடைய மெயில்களும் வாசலோடு திரும்பின.

முதலில் வந்தவர் தாராவிப் பைக்காரர். திருநெல்வேலிப் பக்கம், மூன்றாம் தலைமுறையாகத் தாராவியில் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அதே வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். வெளிநாட்டில் ஒரு கடைக்காரர் புது மாதிரிப் பைகளின் படம் கேட்டிருந்தார். இவர் அனுப்பி, அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வந்துகொண்டிருந்தது. இவருக்குத் தொழிலில் அக்கறை இல்லை போலிருக்கிறது என்று கடைக்காரர் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அவர் உட்காரக்கூட இல்லை. காரணத்தைச் சொன்னேன். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. என் அப்பாவின் பெட்டியிலிருந்து இப்படிப் பதில் போகிறது, அதனால் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“எவனோ எவன் பேரையோ போட்டு அனுப்புதான். அதுக்கு ஒங்க ஐயா பதில் போடுதாவ. மாட்டிக்கிட்டது நானாம்மா? இந்த லஃப்டா, வம்பெல்லாம் எனக்கு வேண்டாம். நிறுத்தச் சொல்லுங்க, இல்லேன்னா நான் வேற ஆளப் பாக்கேன்.”

அப்பா ஹாலில்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இன்வார்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிற குரலில், வருகிற தபாலுக்கு அத்தாட்சி அனுப்புவது தப்பு என்று எந்த ஆபீஸிலும் சட்டம் கிடையாது என்றார். குப்பைக்கு எதற்கு ஐயா அத்தாட்சி என்று அண்ணாச்சி கேட்டார். அப்பா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“குப்பைன்னு யாரு தீர்மானம் பண்றது? மிஷின்தானே? ஒரு தடவை தீர்மானம் பண்ணித்தே, போறாதா?”

அண்ணாச்சிக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் சமையலறைக்குப் போய்க் காபி போடுவது மாதிரி நின்றுகொண்டேன். அன்றைக்கு அவர் காபியும் குடிக்காமல் போய்விட்டார்.

பட்டியல் வைத்திருக்கிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. போன் கிடையாது. எழுதித்தான் கெஞ்ச வேண்டும். எழுதினேன். உடனே பதில் வந்தது: ‘உங்கள் வேண்டுகோள் கிடைத்தது. இது தானாக அனுப்பப்படும் பதில்.’ தானாகப் பதில் போடாதே என்று என்னை ஒதுக்கி வைத்தவர்களே தானாகப் பதில் போட்டார்கள். அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது. அப்புறம் ஒரு மனிதர் எழுதினார். ஸ்பாமுக்குப் பதில் போடுகிற பெட்டியை முதலில் நிறுத்து, பிறகு பேசலாம் என்று ஒரே வரி. அது என் அப்பாவின் பெட்டி, அவர் மகனுக்காக வைத்திருக்கிறார் என்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். அந்த ஆள் அதைக் கேட்டு என்ன செய்வார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நிறுத்துவது எனக்கு ஒரு தட்டு. அப்பாவின் திரையில் ஓடுவது மாதிரியே காட்டிக்கொண்டு, பின்னால் சத்தமில்லாமல் நிறுத்தவும் என்னால் முடியும். அப்படி நினைத்துக்கொண்டு விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தும் இருக்கிறேன். கை வரவில்லை. அவருக்கு மட்டும் தனியாக வேறு சர்வர் எடுத்துக்கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் பட்டியலில் போட்டுவிடுவார்களே, அப்போது பதில் யாருக்கும் போகாது, போகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதானே என்று கேட்டார். நான் சத்தம் போட்டேன். உங்கள் ஒருவருக்காக எத்தனை பேர் பிழைப்பு கெடுகிறது தெரியுமா, எழுதுகிறவன் என்றால் இத்தனை நாளில் எழுதியிருக்க மாட்டானா என்று. கடைசியில் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு பேரும் அன்றைக்கு ராத்திரி தனித்தனியாகச் சாப்பிட்டோம். அம்மா காரியத்தின்போது அந்த வீடு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

அதற்குள் மாட்டுங்காக் கடைக்காரர் வேறு இடத்துக்கு மாறிவிட்டார். அண்ணாச்சியும் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மறுபடி வந்தார், இந்தத் தடவை போனைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்பாவின் பெட்டிக்கு அவரே ஒரு மெயில் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னதான் போகிறது என்று பார்க்கலாமே என்று. அந்தப் பதில் அவருக்கு வந்திருந்தது. தாராவியில் என் வயதுக்காரர்களில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த சிலரில் அவர் ஒருவர். சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர்.

இந்தத் தடவை உட்கார்ந்தார். காபியும் குடித்தார். அப்பாவிடம் மகனைப் பற்றி நேராகவே கேட்டார். என்னிடம் கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அப்பா அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். வேற்று மனிதரிடம் அப்பா அம்மாவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தன் மெயில் திரும்பி வருவது பற்றி அண்ணாச்சி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போதுதான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“ஐயா, மிஷினு எதுக்கு? ஒங்க மவன் எழுத்து ஒங்களுக்குத் தெரியாதா? வாரது எல்லாத்தையும் நீங்களே பாருங்க. அவரு எழுதினா நீங்களே கைப்பட ஒரு பதில் போடுங்க. அதுதானே அவருக்கும் வேணும்.”

அப்பா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பட்டியலிலிருந்து எடுக்கிறவரைக்கும் நிறுத்தி வை, எடுத்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்றார். சரி என்றேன். நான் இவ்வளவு கத்தியும் கேட்காதவர் முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிக் கேட்டார் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஆபீஸ் மறுபடி ஆரம்பித்தது. குளித்து, சந்தி பண்ணி, ஜன்னலோரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்வார். ஒரு மெயிலையும் விடாமல் திறந்து கடைசி வரி வரை படிப்பார். கண்ணாடியை ஏற்றி ஏற்றிவிட்டுக்கொண்டு, மருந்து விற்பவனை, கடன் தருகிறவனை, பாஸ்வேர்டு போய்விட்டது என்று பயமுறுத்துகிறவனை. ‘அப்பா, நான் ஆபத்தில் இருக்கிறேன், உடனே உதவி செய்’ என்று இங்கிலீஷில் ஒருவன் எழுதியிருந்தான். எல்லோருக்கும் அனுப்புகிற மோசடிதான் அதுவும். அப்பா அதை நிறைய நேரம் திறந்து வைத்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பாமலேயே பேசினார்.

“அவன் என்கிட்ட உதவின்னு கேக்க மாட்டான். இது வேற யாரோ.”

இதைச் சொல்லிவிட்டு அதை மூடினார். சில சமயம் மத்தியானத்தில் தலைப்புகளை எனக்குப் படித்துக் காட்டுவார். இத்தனை பேரும் ‘அன்புள்ள’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் என் சர்வரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்தார்கள் என்றால் நம்பிவிடக் கூடாது. பல இடங்களுக்குச் சோதனை மெயில் அனுப்பி, திரும்பி வராமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினேன். எல்லாம் போயின. அண்ணாவின் பழைய ஆபீஸ் முகவரியும் எனக்கு மனப்பாடம். செத்த முகவரிக்கு அனுப்பினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று ஒழுங்காகத் திரும்பி வருகிறதா, அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். என் பெயர் இல்லாத ஒரு சோதனை முகவரியிலிருந்து ‘டெஸ்ட்’ என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினேன்.

திரும்பவில்லை. பதில் வந்தது. ‘நான் குடும்பத்துடன் விடுமுறையில் இருக்கிறேன். திங்கட்கிழமை திரும்புவேன். அவசரமென்றால் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.’ இங்கிலீஷில், தானாகப் போகிற பதில். கீழே அவன் பெயர், கம்பெனி. கம்பெனி அதே கம்பெனி. அலுவலகம் மட்டும் மாறியிருந்தது. முலுண்ட்.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறான், குடும்பம் இருக்கிறது, லீவு எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறான். முலுண்ட் என்பது என் மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செம்பூரிலிருந்து ரயிலில் குர்லா, குர்லாவில் மாறினால் முலுண்ட், இதே ஊர். அம்மா இருந்தபோது முலுண்டில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்திருக்கிறோம்.

அப்பாவிடம் மறைக்கலாமா என்று யோசிக்கவே இல்லை. லேப்டாப்போடு போய் அவர் மடியில் வைத்தேன். படித்தார். கடைசி வரி வரை, வழக்கம்போல. லீவு என்கிற வார்த்தை மேல் விரலை வைத்தார்.

“நன்னா இருக்கான்” என்றார்.

முகவரி செத்துப்போய்விட்டது என்றீர்களே என்று கேட்டேன். செத்துப்போச்சு என்று நான் சொல்லவில்லை, போகலை என்றுதான் சொன்னேன் என்றார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அவர் எழுதிய மெயில் திரும்பி வந்தபோது, அதில் ஆள் இல்லை என்று இல்லை. உங்களிடமிருந்து வருவதை இவர் ஏற்றுக்கொள்வதில்லை என்று இருந்திருக்கிறது. நாற்பது வருஷம் தபால் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

“மொதல் தடவை மிஷின் தள்ளித்து. ரெண்டாவது தடவை அவனே தள்ளிட்டான். என் பேரைப் போட்டு, இந்தாள்கிட்டேர்ந்து வந்தா வேண்டாம்னு.”

அதனால்தான் அவருக்கு முன்பின் தெரியாத முகவரிகள் எல்லாம் வேண்டியிருந்தன. கோபத்தில் கதவை அடைத்தவன், மனசு மாறினால் அதே கதவைத் திறந்துகொண்டு வரமாட்டான், வேறு பெயரில் வேறு எங்கிருந்தாவது ஒரு வரி எழுதிப் பார்ப்பான், தான்தான் என்று காட்டிக்கொள்ளாமல். அந்த ஒரு வரி எந்த ரூபத்தில் வரும் என்று எப்படித் தெரியும்? அப்பாவாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். அந்த வீம்பு அவரிடமிருந்து போனதுதானே. இத்தனை காலமும் அவர் பைத்தியக்காரத்தனம் செய்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் தன் பிள்ளையை அறிந்துதான் செய்திருந்தார்.

முலுண்ட் என்பதை அப்பா அதற்கப்புறம்தான் கவனித்தார். இரண்டு முறை படித்தார். ராத்திரி படுக்கப் போகும்போதெல்லாம் அண்ணா இருக்கிற வெளிநாட்டில் இப்போது மணி என்ன இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர் அவர். என்னிடம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அண்ணாவுக்கு என் பெயரில், என் முகவரியிலிருந்து ஒரு நிஜ மெயில் எழுதினேன். அப்பா உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ, உன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வா, பழசை யாரும் பேச மாட்டோம் என்று. அவன் படிக்க வேண்டுமே என்று இங்கிலீஷில் எழுதினேன். திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் இன்னொன்று எழுதினேன். அது திரும்பி வந்தது. உங்களிடமிருந்து வருவதை இவர் ஏற்றுக்கொள்வதில்லை. பட்டியலிலிருந்து வெளியே வரும் வித்தையைத்தான் அத்தனை நாளும் படித்திருந்தேன். இந்தப் பட்டியலில் யாரிடம் எழுதிக் கேட்பது?

முலுண்டுக்கே போய்விடலாம், அந்த ஆபீஸ் வாசலில் நிற்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான் சண்டை போட்டேன். உங்களுக்கு இன்னும் வீம்பு போகவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

“வெளிநாட்டுல இருக்கான், வர முடியலைன்னு நெனச்சிண்டிருந்தேன். இங்கேதானே இருக்கான். நாம வீடு மாத்தலையே, அவனுக்கு வழி தெரியாதா என்ன? அவன் வரலைம்மா, அவ்வளவுதான்.”

அண்ணாச்சியின் மெயில்கள் ஒழுங்காகப் போகின்றன. அந்தக் கடைக்காரர் திரும்பி வந்துவிட்டாராம். பட்டறையிலிருந்து ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். ஐயாவுக்கு மகன் எழுதினானா என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன். தானாகப் போகிற பதிலைத் திரும்பப் போட்டுவிடவா என்று நானே அப்பாவிடம் போய்க் கேட்டேன். பட்டியல், வாடிக்கையாளர் எல்லாம் எப்படியோ போகட்டும் என்கிற அளவுக்கு எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்றார். அந்த வடிகட்டியையும் போட்டுவிடு, குப்பையை எல்லாம் தள்ளிவிடு என்றார்.

போட்டேன். நான் வைக்கிற வடிகட்டி நல்ல வடிகட்டி. லாட்டரிக்காரன், மருந்துக்காரன், தளபதியின் விதவை, ஒருவரும் இப்போது உள்ளே வருவதில்லை. அப்பா காலையில் குளித்துவிட்டு, பழக்கத்தில் லேப்டாப்பைத் திறக்கிறார். அவருக்கு எழுதுகிறவர்கள் என்று வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்.